ஞாயிற்றுக்கிழமை மெடிக்கல்

என் கணவருக்கு உலகத்தில் எல்லாமே பரீட்சைதான். தெருமுனைக் கட்டிடத்தின் இரண்டாவது மாடியில் நுழைவுத் தேர்வுக்குப் பயிற்சி வகுப்பு நடத்துகிறார். நாற்பது நாற்காலி, ஒரு வெள்ளைப் பலகை, சுவர் முழுக்கத் தேறிய பிள்ளைகளின் படம். தேறாத பிள்ளைகளின் படத்தை எங்கே மாட்டுவீர்கள் என்று ஒருமுறை கேட்டேன். மூன்று நாள் என்னோடு பேசவில்லை. எல்லாரும் அவரை மாஸ்டர் என்று கூப்பிடுகிறார்கள். வீட்டிலும் அவர் மாஸ்டர்தான். நானும் மகளும் ஃபீஸ் கட்டாத மாணவிகள், அவ்வளவே.

பழைய கேள்வித்தாளைப் புரட்டினால் எந்தப் பரீட்சையையும் ஜெயித்துவிடலாம் என்பது அவருடைய மதம். வெளிநாடு ஒன்றில் நிரந்தரமாகக் குடியேற நாங்கள் போட்ட விண்ணப்பம் படிப்படியாக ஏறி மருத்துவப் பரிசோதனைக் கட்டத்துக்கு வந்தபோதும் அவர் மதம் மாறவில்லை. ஏற்கெனவே போய்ச் சேர்ந்த சொந்தக்காரர், சிநேகிதர், பழைய மாணவர் எல்லாரையும் போனில் பிடித்து, டாக்டர் என்ன கேட்டார், எந்த வரிசையில் கேட்டார், கேட்கும்போது முகத்தைப் பார்த்தாரா பேப்பரைப் பார்த்தாரா என்று துருவித் துருவி விசாரித்தார். அறுபத்துநாலு கேள்விகள் தேறின. அவற்றை அச்சடித்து ஸ்பைரல் போட்டுக் கொண்டுவந்து சாப்பாட்டு மேஜையில் வைத்தார்.

அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை தோறும் காலையில் எங்கள் வீட்டில் மாக் மெடிக்கல். வகுப்பில் நிஜப் பரீட்சைக்கு முன் ஒத்திகையாக மாக் டெஸ்ட் வைப்பதுபோல. சாப்பாட்டு மேஜைக்கு அந்தப் பக்கம் அவர் டாக்டராக உட்காருவார். இந்தப் பக்கம் முதலில் நான், பிறகு பதினோரு வயது மகள். நான் ஒரு ஆஸ்பத்திரி லேபில் பதினைந்து வருடமாக டெக்னீஷியன். ரத்த அழுத்தம் பார்க்கும் கருவியையும் சிறுநீரில் நனைத்துப் பார்க்கும் பட்டைகளையும் வீட்டுக்குக் கொண்டு வந்தது நான்தான். அந்தக் கூத்துக்கு மேளம் வாசித்தவள் நான் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு மற்றவர்களைத் திட்டும்போது மனசாட்சி உறுத்தக் கூடாது.

"தூக்கமின்மை உண்டா?"

"இல்லை."

"மயக்கம் வந்திருக்கா?"

"இல்லை."

"உடனே சொல்லணும்," என்பார் மகளிடம். "யோசிச்சேன்னா டாக்டருக்கு சந்தேகம் வந்துடும். கேள்வி முடியறதுக்குள்ள பதில் வந்துடணும்."

முதல் வாரம் அவள் உண்மையைச் சொன்னாள். கணுக்கால் வலிக்கிறது, பள்ளிக்கூடத்தில் ஓடும்போது விழுந்தேன் என்றாள். பத்துக்கு ஏழு போட்டார். நாலாவது வாரத்தில் பத்துக்குப் பத்து வாங்கினாள். கேள்வி வாயிலிருந்து வெளியே வருவதற்குள் இல்லை, இல்லை, இல்லை என்று சிரித்த முகமாகச் சொல்லப் பழகிவிட்டாள். மாஸ்டர் பெருமையாக என்னைத் திரும்பிப் பார்த்தார். நானும் சிரித்தேன்.

கருவியை என் கையில் மட்டும்தான் கட்டுவார். குழந்தைக்கு எதற்குப் பிரஷர் என்று விட்டுவிட்டார். "நீங்களும் ஒரு தடவை கைய நீட்டுங்களேன்," என்று சொன்னேன். "கேள்வித்தாள் தயாரிக்கிறவன் பரீட்சை எழுத மாட்டான்," என்றார். இதை நகைச்சுவை என்று நினைத்துத் தானே சிரித்துக்கொண்டார்.

இந்த வீட்டில் மக்கு மாணவி நான். பத்தொன்பது வயதில் எனக்குக் காசநோய் வந்து, ஆறு மாதம் ஒரு வேளை தவறாமல் மாத்திரை சாப்பிட்டு, முழுக்கக் குணமானது. எக்ஸ்ரே எடுத்தால் வலது பக்கம் மேலே ஒரு சின்னத் தழும்பு தெரியும். கல்யாணத்துக்கு முன்பே இதைச் சொல்லித்தான் கட்டிக்கொண்டேன். இருந்தும் என் மாமியார் அதன் பெயரை ஒருநாளும் சொன்னதில்லை. "உனக்கு அது வந்துச்சே, அப்ப," என்பார். ஏதோ நான் ஓடிப்போய்த் திரும்பி வந்தவள் மாதிரி குரல் இறங்கும்.

விண்ணப்பத்தைக் கையாண்ட ஆலோசகரை நான் கோட்டு என்று கூப்பிடுவேன். எந்த வெயிலிலும் போட்டிருக்கும் கோட்டைக் கழற்ற மாட்டார். அவர் என் தழும்பைப் பற்றிக் கேள்விப்பட்டதும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அந்த நாட்டு ரூல் அப்படி மேடம். ஒருத்தர் பெயில்னா குடும்பமே பெயில். நீங்க கூடப் போகலைன்னாலும் உங்களையும் செக் பண்ணுவாங்க."

"அப்ப என்ன பண்ணலாம் சார்?" என்றார் என் கணவர்.

"மனைவியே இல்லைன்னா செக் பண்ண முடியாது இல்லையா," என்றார் கோட்டு. "பேப்பர்ல மட்டும் பிரிஞ்ச மாதிரி காட்டலாம். நிறைய பேர் பண்றாங்க."

என் கணவர் எழுந்து நின்று அந்த ஆளின் கோட்டைப் பிடித்திருக்க வேண்டும். அவர் நோட்டை எடுத்துக் குறித்துக்கொண்டார். வீட்டுக்கு வந்து, மாமியார் கீரை ஆய்ந்துகொண்டிருக்க, மகள் பக்கத்தில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருக்க, என்னிடம் சொன்னார்: "ரெண்டு வருஷம்தான். நானும் பாப்பாவும் முதல்ல போறோம். செட்டில் ஆனதும் உன்னைக் கூப்பிட்டுக்கறேன்." பேருந்து நிலையத்தில் பெட்டியை வைத்துவிட்டுப் பிறகு வந்து எடுத்துக்கொள்கிறேன் என்பது போல இருந்தது. மாமியார் கீரையிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"பழைய தழும்புக்கு யாரும் பெயில் போட மாட்டாங்க," என்றேன். "மூணு நாள் சளி எடுத்துக் கொடுக்கணும், அதுல கிருமி வளருதான்னு பாக்கற கல்ச்சர் ரிசல்ட் வர்ற வரைக்கும் ரெண்டு மாசம் காத்திருக்கணும். அவ்வளவுதான். தினமும் அதுதாங்க என் வேலை."

பதினைந்து வருடம் அந்த வேலையைச் செய்பவள் சொல்வது எடுபடவில்லை. கோட்டும் போனில் அதையே ஒப்புக்கொண்ட பிறகுதான் பேப்பர் பிரிவினைப் பேச்சு நின்றது. எனக்கு மட்டும் அது நிற்கவில்லை. என் கணவருக்கு டீ ஊற்றும்போதெல்லாம் ஞாபகம் வரும். வெறுப்பு என்று சொன்னால் பெரிய வார்த்தையாகிவிடும். பல்லிடுக்கில் எதுவோ மாட்டிக்கொண்டு வராமல் இருப்பதுபோல இருந்தது.

நிஜமான மெடிக்கல் நாள் வந்தது. அந்த நாட்டுக்காரர்கள் அங்கீகரித்த கிளினிக் அது. கூடம் முழுக்கக் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்திருந்தார்கள். எல்லாரும் கல்யாணத்துக்கு வந்தது போல உடுத்தியிருந்தார்கள். நல்ல சட்டை போட்டால் நுரையீரல் நன்றாகத் தெரியும் என்று நினைப்பு போலிருக்கிறது. ஒரு பெரியவர் இருமல் வந்தபோது கைக்குட்டையை வாயில் திணித்துக்கொண்டார். பக்கத்தில் இருந்த மகன், "அடக்குங்கப்பா," என்று பல்லைக் கடித்தான். நாங்கள் எவ்வளவு மட்டமான மனிதர்களாகிவிட்டோம் என்று பார்க்க அந்தக் கூடத்தில் அரைமணி நேரம் உட்கார்ந்தால் போதும். அந்த நாட்டுக்காரர்களும் சளைத்தவர்கள் இல்லை. மனிதனை எடைக்கு எடை நிறுத்து, இவன் எங்கள் ஆஸ்பத்திரிகளுக்கு எத்தனை செலவு வைப்பான் என்று கணக்குப் போட்டுப் பார்த்துத்தான் வாசலைத் திறப்பார்கள்.

என் எக்ஸ்ரேயில் தழும்பு தெரிந்தது. மூன்று நாள் சளி, இரண்டு மாதம் கல்ச்சர் என்று டாக்டர் சொன்னார். நான் சொன்னது ஒரு எழுத்து மாறாமல் அப்படியே. என் கணவர் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி பெருமூச்சு விட்டார். மகளைக் கேள்வி கேட்டார்கள், உயரம் எடை பார்த்தார்கள், சிறுநீரில் பட்டையை நனைத்துப் பார்த்தார்கள், அனுப்பிவிட்டார்கள். கடைசியாக மாஸ்டர் கையை நீட்டினார்.

பிரஷர் நூற்றெழுபதுக்கு நூற்றி நாலு. பயத்தில் ஏறியிருக்கும் என்று பத்து நிமிடம் உட்கார வைத்து மறுபடி எடுத்தார்கள். அதே. மூன்றாம் முறை இன்னும் நாலு கூடியது. சிறுநீரில் ரத்தம் இருந்தது. கண்ணுக்குத் தெரியாத அளவு, ஆனால் இருந்தது.

"குடும்பத்துல யாருக்காவது கிட்னி..." என்று டாக்டர் ஆரம்பித்தார்.

"இல்லை," என்றார் என் கணவர். கேள்வி முடியவில்லை.

"அப்பா?"

"ஹார்ட் அட்டாக். நாப்பத்தாறு வயசு."

அவரை ஸ்கேனுக்கு அனுப்பினார்கள். இரண்டு சிறுநீரகத்திலும் பெரிதும் சிறிதுமாக நீர்க்கட்டிகள் இருந்தன. இது பெரும்பாலும் பரம்பரையாக வருவது, பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வர பாதிக்குப் பாதி வாய்ப்பு என்றார் டாக்டர். கிட்னி ஸ்பெஷலிஸ்ட் ரிப்போர்ட் வேண்டும், மகளையும் அவரிடம் காட்டுங்கள், அதுவரை ஃபைல் நகராது என்று சொல்லி அடுத்த குடும்பத்தைக் கூப்பிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் நான் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. மாமியாரிடம் போய் நின்றேன்.

"அத்தை, மாமா எதுல போனாரு?"

"ஹார்ட்டுல. உனக்குத்தான் தெரியுமே."

"ஸ்கேன்ல உங்க பையனுக்குக் கிட்னி முழுக்கக் கட்டி இருக்கு. இப்ப சொல்லுங்க. மாமா எதுல போனாரு?"

அவர் மகனைப் பார்த்தார். பிறகு ஜன்னலைப் பார்த்தார். கொடியில் காயும் துணியை எண்ணிக்கொண்டிருப்பது போல ரொம்ப நேரம் பார்த்தார்.

"ரெண்டு வருஷம் டயாலிசிஸ்ல இருந்தாரு," என்றார். "வெளியூர்ல. வேலைல மாத்தல் ஆகிப் போயிருக்காருன்னு எல்லார்கிட்டயும் சொன்னோம். இவனோட அக்காவுக்கு வரன் பாத்துட்டு இருந்தோமில்ல. அவரோட அண்ணனுக்கும் இதேதான். ஒருத்தருக்கும் தெரியாது." கடைசி வாக்கியத்தில் அவர் குரலில் பெருமை இருந்தது.

அப்போது என் கணவருக்குப் பன்னிரண்டு வயது. அப்பாவுக்கு மாற்றலாகிவிட்டது என்று அவரும் நம்பினார். இந்த ஒரு இடத்தில் எனக்கு அவர்மேல் இரக்கம் வந்தது. அவர் அழுவார், அம்மாவின் மேல் கத்துவார், குறைந்தபட்சம் நாற்காலியையாவது தள்ளுவார் என்று காத்திருந்தேன்.  அவர் அம்மாவிடம் கேட்டது ஒன்றுதான்.

"ஆஸ்பத்திரி ரெக்கார்டு ஏதாவது இருக்காம்மா?"

"எல்லாத்தையும் எரிச்சாச்சு."

"நல்லதாப் போச்சு," என்றார்.

இரக்கம் வந்த வழியே போய்விட்டது. இப்படி ஒரு ஆளோடு பதினாலு வருடம் குடித்தனம் நடத்தியிருக்கிறேன் என்று என்மேலேயே எனக்குக் கேவலமாக இருந்தது. டாக்டர் எழுதிக் கொடுத்த பிரஷர் மாத்திரையை அவர் வாங்கவில்லை. மாத்திரை சாப்பிட்டால் வியாதி இருக்கிறது என்று ஒப்புக்கொண்டதாகிவிடுமாம். நான் வாங்கிக் கொடுத்தேன். மேஜை மேல் அப்படியே கிடந்தது. நாத்தனாருக்குப் போன் போட்டு நானே விஷயத்தைச் சொன்னேன். அவரும் உடனே கேட்ட முதல் கேள்வி, "வேற யாருக்கும் சொல்லிடலையே?" என்பதுதான். ரத்தம் அல்லவா, ஒரே மாதிரிதான் ஓடும்.

கோட்டு புது யோசனை கொடுத்தார். குடும்ப வரலாறு கேட்டால் தெரியாது என்று சொல்லுங்கள் சார், தெரியாதுங்கறது பொய்யில்லை. என் கணவர் ஸ்பைரல் புத்தகத்தில் இரண்டு பக்கம் கூட்டினார். ஸ்பெஷலிஸ்ட் கேட்கக்கூடிய கேள்விகள், இணையத்தில் பார்த்து எழுதியவை. அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமைக்குக் காத்திராமல் தினமும் சாயங்காலம் மகளை உட்கார வைத்தார். நான் தடுக்கவில்லை. காலையில் சளி டப்பாவைத் தூக்கிக்கொண்டு கிளினிக்குக்கும், அங்கிருந்து லேபுக்கும் ஓடிக்கொண்டிருந்தேன். பெரிய டாக்டர் முன்னால் இந்தப் பம்மாத்தெல்லாம் நிற்காது, கருவி சொல்லிவிடும் என்று நினைத்தேன். கருவியோடு பழகியவர்களுக்கு வருகிற திமிர் இது. வாயால் சொன்னால்தான் தெரியும் விஷயங்களும் உடம்பில் உண்டு என்பதை மறந்துவிடுவோம்.

ஸ்பெஷலிஸ்ட் ஒரு அம்மா. நரைத்த தலை, சின்ன அறை, மேஜை மேல் பிளாஸ்டிக்கில் செய்த சிறுநீரகம். மகளின் கையில் கட்டுவதற்கு ஏற்ற சின்னப் பட்டையைத் தேடி எடுத்து, அவளைச் சாய்ந்து உட்காரச் சொல்லி, மூன்று முறை பிரஷர் பார்த்தார். நூற்றி நாற்பதுக்குத் தொண்ணூற்றிரண்டு.  பதினோரு வயதுக் குழந்தைக்கு அந்த எண் வரவே கூடாது.

"தலைவலி வருமாடா கண்ணு?"

"இல்லை."

"வாந்தி?"

"இல்லை."

"கண்ணு மங்கற மாதிரி, புள்ளி தெரியற மாதிரி?"

"இல்லை." சிரித்த முகம். ஒரு நொடிகூடத் தாமதமில்லை.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "இவ்வளவு பிரஷருக்கு ஏதாவது இருக்கணுமே."

"ரொம்ப ஆரோக்கியமான குழந்தை டாக்டர்," என்றார் என் கணவர். "படிப்புல முதல், ஓட்டத்துல முதல்."

"உங்க பக்கத்துல யாருக்காவது கிட்னி பிரச்சினை?"

"தெரியாது டாக்டர். அப்பா சின்ன வயசிலேயே போயிட்டாரு."

நான் வாயைத் திறந்தேன். அவர் மேஜைக்குக் கீழே என் முழங்காலை அழுத்தினார். நான் மூடிக்கொண்டேன். எதற்காக மூடினேன் என்று இன்றுவரை என்னைக் கேட்டுக்கொள்கிறேன். பழக்கம்தான், வேறு ஒன்றும் இல்லை. அந்த வீட்டுச் சோறு எனக்கும் ஒட்டிவிட்டது.

"அறிகுறி ஒண்ணுமில்லைன்னா ஒரு வாரம் பாக்கலாம்," என்றார் டாக்டர் அரைமனதாக. "மறுபடி வந்து பிரஷர் பாருங்க, ஸ்கேனும் எடுப்போம். தலைவலி இருந்தா விஷயமே வேற. காத்திருக்க முடியாது, இன்னைக்கே அட்மிட் பண்ணி மருந்து ஆரம்பிக்கணும். மூளைக்கு ஆபத்து."

என் கணவர் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வெளியே வந்தார். தாழ்வாரத்தின் கடைசிக்குப் போய்க் கோட்டுக்குப் போன் போட்டார். "சூப்பரா பண்ணிட்டா சார்," என்பது எனக்குக் கேட்டது. நான் மகளைப் பெஞ்சில் உட்கார வைத்து, அவள் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன்.

"உனக்குத் தலை வலிக்குமா?"

"இல்லை," என்றாள். அதே சிரிப்பு.

"அம்மா கேக்கறேன்."

அவள் என்னை உற்றுப் பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"இது மாக்கா, நெஜமா?"

"நெஜம்."

தாழ்வாரத்தின் கடைசியை ஒருமுறை எட்டிப் பார்த்துக்கொண்டாள்.

"காலைல எந்திரிக்கறப்ப வலிக்கும். இங்க." பின்னந்தலையைத் தொட்டுக் காட்டினாள். "ஸ்கூல்ல ரெண்டு தடவை வாந்தி எடுத்தேன். போர்டுல எழுதினது சில நேரம் தெரியாது."

"எவ்வளவு நாளா?"

"பெரிய லீவுக்கு முன்னாடியிலருந்து."

நாலு மாதம். வாரத்தில் ஆறு நாள் ஊரார் ரத்தத்தையும் சிறுநீரையும் குப்பியில் அடைத்துப் பெயர் ஒட்டி வைக்கிறவள் நான். நாலு மாதம் என் பக்கத்தில் படுத்து எழுந்த பிள்ளை.

"ஏன்டா என்கிட்ட சொல்லல?"

இதற்கு மட்டும் அவள் யோசித்தாள். பதில் புத்தகத்தில் இல்லை.

"உனக்கு அது வந்துச்சுன்னு அப்பா உன்னை விட்டுட்டுப் போலாம்னு சொன்னாருல்ல. எனக்கும் இருக்குன்னு தெரிஞ்சா நீங்க ரெண்டு பேரும் என்னை விட்டுட்டுப் போயிடுவீங்க."

நீங்கள் ரெண்டு பேரும் என்றாள். அப்பா மட்டும் என்று சொல்லவில்லை. மேஜைக்கு இந்தப் பக்கம் அவளோடு உட்கார்ந்திருப்பதாகத்தான் இத்தனை மாதம் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவள் கையைப் பிடித்து எழுப்பினேன். டாக்டரின் அறையில் வேறு யாரோ இருந்தார்கள். நான் கதவைத் தட்டவில்லை, திறந்தேன். பின்னால் என் கணவர் ஓடி வருவது கேட்டது. "ஒரு நிமிஷம், ஒரு நிமிஷம், நீ என்ன பண்றே," என்றார்.

"டாக்டர், இவளுக்கு நாலு மாசமாத் தலைவலி இருக்கு. வாந்தி எடுத்திருக்கா. கண்ணு மங்குது. இவ தாத்தா ரெண்டு வருஷம் டயாலிசிஸ்ல இருந்து செத்துப் போனாரு. தாத்தாவோட அண்ணனும் அப்படித்தான். இவருக்குத் தெரியும்."

"அப்ளிகேஷனுக்குப் பத்து மாச உழைப்பு," என்றார் வாசலில் நின்றிருந்த மாஸ்டர். மகளுடைய பின்னந்தலை அவர் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அவர் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

டாக்டர் உள்ளே இருந்தவரை வெளியே அனுப்பிவிட்டு, வார்டுக்குப் போன் போட்டு ஒரு படுக்கை கேட்டார். நாற்காலியை மகளுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு, கேள்விகளை முதலிலிருந்து ஆரம்பித்தார். ஒவ்வொன்றுக்கும் அவள் என் முகத்தைத் திரும்பிப் பார்த்தாள். நான் தலையசைத்த பிறகு, ஏதோ தப்பு செய்து மாட்டிக்கொண்டவள் மாதிரி மெதுவாக, ஆமா என்றாள். மூன்றாவது ஆமாவுக்குப் பிறகு எனக்கு எதிரில் இருந்தவர்கள் யாரும் தெரியவில்லை. கண் முழுக்கத் தண்ணீர். அவள் மட்டும் ஒவ்வொரு கேள்விக்கும் மறக்காமல் என் பக்கம் திரும்பிக்கொண்டே இருந்தாள்.